பன்னிரண்டு குழாய், ஒரே தழும்பு

“அது என் குழாய் இல்ல ஆன்ட்டி. நான் சொல்றதைக் கொஞ்சம்—”

“முத்திரை இருக்கு அமோவாக்கோ. நீர்த்துளி முத்திரை. என் ரெண்டு கண்ணால—”

“முத்திரை இருந்தா என் குழாயாயிடுமா? என் தொப்பியைப் போட்டுக்கிட்டவன் எல்லாம் நானா?”

“திறப்பு விழா அன்னிக்கு அந்தக் குழாயைத் திறந்து முதல் டம்ளர் தண்ணி குடிச்சவ நான். எனக்குத் தெரியாதா?”

“அதைத்தான் சொல்றேன். குடிச்சது நீங்க. பட்டறையைப் பூட்டப் போறது நான்.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவதில் ஒரு வசதி உண்டு. யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வாசற்படியில் உட்கார்ந்து சுட்ட வாழைக்காயையும் வேர்க்கடலையையும் மாற்றி மாற்றி வாயில் போட்டுக்கொண்டிருந்த போவாடு, பந்தாட்டம் பார்ப்பவனைப் போல முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தான். யார் கோல் போட்டாலும் அவனுக்குச் சம்மதம்.

ஆன்ட்டி என்று ஊர் கூப்பிடுகிற டூஃபிக்குத் தொழில் துப்பறிவது. அதாவது, ஓய்வு பெற்ற பிறகு. அதற்கு முன்னால் முத்திரை அலுவலகத்தில் குழாய்களை ஊறவைப்பது தொழில். குடிதண்ணீர் போகிற எந்தச் சாமானாக இருந்தாலும், குழாயோ வால்வோ ரப்பர் வளையமோ, அதற்குள் தண்ணீரை நிரப்பி மூடி, நாள்கணக்கில் ஊறவிட்டு, பிறகு அந்தத் தண்ணீரில் ஈயம் கீயம் ஏதாவது இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேறினால் நீர்த்துளி முத்திரை. தேறாவிட்டால் திருப்பி அனுப்பு. ஆயுளில் பாதியைத் தண்ணீர் ஊறுவதைப் பார்த்தே கழித்தவள், மனிதர்களையும் அதேபோல ஊறவிட்டால் உண்மை தானாக இறங்கிவிடும் என்று நம்பி வாசலில் பலகை மாட்டினாள். பலகை எழுதியவன் ‘தனியார் விசாரணை’ என்ற எழுத்துக்கு மேலே அண்டா அளவுக்கு ஒரு கண்ணை வரைந்துவிட்டான். அன்றிலிருந்து மூக்குக்கண்ணாடி கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

இதுவரை துலங்கிய ஒரே பெரிய வழக்கு, காணாமல் போன ஓர் ஆடு. அதைச் சமைத்தது புகார் கொடுத்தவளின் புருஷனே. அந்தக் குழம்பில் ஒரு கிண்ணம் டூஃபிக்கும் வந்திருந்தது என்பதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

போவாடு அவளுடைய உதவியாளன். சம்பளம் உண்டு என்பது இருவருக்கும் நடுவே இருக்கிற ஒரு நம்பிக்கை. குமாசியில் ஒரு எஃப்.எம். ரேடியோவில் அறிவிப்பாளனாக இருந்தவன். முதலாளியின் மனைவி பாடிய பாட்டைப் பற்றி நேரலையில் ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்லிவிட்டதால் இப்போது கதவைக் கயிற்றால் கட்டிய ஒரு பழைய டாக்சியும், டூஃபியின் வாசற்படியும்தான் அவனுக்கு மிச்சம்.

அமோவாக்கோ பித்தளைக் குழாய் வார்க்கிறவன். சுத்தமான பித்தளைக் கட்டி வாங்கி உருக்குகிறவன். முத்திரைக்காக அவன் கொண்டுவந்த குழாயை டூஃபி மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறாள். நான்காவது தடவை முத்திரை கொடுத்தபோது அவன் அழுதான்; அவள் கைக்குட்டை கொடுத்தாள்; அதை மட்டும் அவன் திருப்பிக் கொடுக்கவில்லை.

விஷயம் இதுதான். ஊர்க் கிளினிக்குக்குச் சர்ச் மாதர் சங்கம் பன்னிரண்டு குழாய்கள் வாங்கிப் போட்டது. சங்கத் தலைவி டூஃபி. சென்ற வாரம் கிளினிக்கின் மருத்துவச்சி ஃபெலிசியா, காலையில் குழாய் திறந்ததும் வருகிற முதல் தண்ணீரைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினாள். அதில் ஈயம். தொட்டித் தண்ணீரில் இல்லை, பிளாஸ்டிக் குழாயில் இல்லை. ராத்திரி முழுக்கப் பித்தளைக்குள் நின்று ஊறின தண்ணீரில்தான் இருந்தது. கர்ப்பிணிகள் குடிக்கிற தண்ணீர். குழாயில் இருப்பது அமோவாக்கோவின் முத்திரை. திங்கட்கிழமை முத்திரை அலுவலகக் கமிட்டி கூடுகிறது. அன்று அவனுடைய முத்திரையைப் பிடுங்கிவிட்டால், அந்தக் குழாயை இந்த ஊரில் ஒருத்தரும் தொடமாட்டார்கள். பட்டறை போகும். அவனை நம்பி உலை ஊதுகிறவர்கள் வீட்டு அடுப்பும் போகும்.

இன்று சனிக்கிழமை.

“அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்,” என்றான் அமோவாக்கோ, மூச்சு வாங்கிக்கொண்டு. “என் குழாய் எப்படியிருக்கும்னு என் பொண்டாட்டியை விட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். அதுல குத்தம் கண்டுபிடிச்சே என் தலையை நரைக்க வச்சீங்க. இப்ப அதே கண்ணால பாருங்க.”

இப்படிச் சொன்னால் டூஃபி உருகிவிடுவாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அவளும் உருகினாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தன் சத்தியங்களுக்கென்றே வைத்திருக்கும் கனத்த குரலில் சொன்னாள்:

“கள்ளக் குழாய் வார்க்க வச்சது யாராயிருந்தாலும் சரி, திங்கட்கிழமை கமிட்டி முன்னால நிக்க வைப்பேன். நிக்க வச்சு, அதே குழாயில ராத்திரி முழுக்க ஊறின தண்ணியை ஒரு டம்ளர் பிடிச்சு, எல்லாரும் பாக்கக் குடிக்க வைப்பேன். அப்பத்தான் புத்தி வரும்.”

“டம்ளர் நான் கொண்டு வரேன்,” என்றான் அமோவாக்கோ.

போவாடு வாழைக்காய்த் தோலைத் தெருவில் எறிந்துவிட்டு எழுந்து வந்தான். “ஆன்ட்டி சத்தியம் பண்ணியாச்சா? அப்ப வழக்கு பாதி முடிஞ்ச மாதிரி. மீதிப் பாதியைக் கண்டுபிடிச்சாப் போதும்.”

மேஜை மேல் முழுக்க எண்ணெய்ப்பனைக் கொட்டை. பழத்தில் எண்ணெய் பிழிந்த பிறகு கிடைக்கிற அந்தச் சின்னக் கொட்டைகளை உடைத்துப் பருப்பைத் தின்பது டூஃபியின் ஒரே ஆடம்பரம். அவற்றை ஒதுக்கித் தள்ளியபோது கூடவே ஒரு கருங்கல்லும் உருண்டது. வலது கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தாள். கொட்டைக்கு வைத்த அடி விரலில் விழுந்துவிட்டது என்று அமோவாக்கோவிடம் பெருமூச்சோடு சொன்னாள். அலுவலகத்தில் விடை கொடுத்தபோது ஒரு நினைவுப் பரிசு கொடுத்தார்களே, பலகையிலிருந்து கழற்றி எடுத்தால் கொட்டை உடைக்க அவ்வளவு தோதான சாமான். சங்கத்தில் யாரோ இரவல் வாங்கிப் போனவள் திருப்பித் தரவில்லை. இந்த ஊரில் இரவல் கொடுத்தவள் முட்டாள். சுவரில் அந்தப் பலகை மட்டும் தொங்கியது. ‘தரத்தின் காவலருக்கு’ என்ற பித்தளைத் தகடு கீழே. அதற்கு மேலே இரண்டு திருகாணி ஓட்டை.

அமோவாக்கோ துணி மூட்டையை அவிழ்த்து மூன்று குழாய்களை வைத்தான். இரண்டு கிளினிக்கிலிருந்து கழற்றியவை. ஒன்று அவனே வார்த்த பழைய குழாய். பட்டறை மூலையில் கிடந்ததாம்.

“எதுக்குப் பழசு?”

“கிளினிக் குழாயோட கைப்பிடியைப் பாருங்க. பூப்போட்ட கைப்பிடி. அதை நான் விட்டு வருஷக்கணக்காச்சு. இப்ப வார்க்கிறது எல்லாம் நெட்டைக் கைப்பிடி. கமிட்டியில சொன்னா, பழைய சரக்கைத் தள்ளி விட்டிருக்கேன்னு சிரிக்கிறாங்க.”

டூஃபி மூன்றையும் தோளோடு தோள் சேர்த்து நிறுத்தினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். அந்த நிமிஷத்தில் அவள் நிஜமாகவே கெட்டிக்காரியாக இருந்தாள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பின்னால் சொல்ல வாய்ப்புக் கிடைக்காது.

கிளினிக் குழாய்கள் இரண்டும் பழைய குழாயை விட ஒரு நூல் குட்டை.

“அசல் குழாயையே மணல்ல அழுத்தி அச்செடுத்து வார்த்திருக்கான்,” என்றாள். “பித்தளை ஆறும்போது சுருங்கும். அதான் பிள்ளை அம்மாவை விடக் குட்டை. முத்திரையைத் தனியா யாரும் திருடல. அம்மா முகத்துல இருந்துச்சு, பிள்ளை முகத்துலயும் விழுந்துருச்சு.”

அமோவாக்கோவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. உடனே அணைந்தது. தன் பழைய குழாயை வைத்துத் தானே மலிவுப் பித்தளையில் வார்த்ததாகக் கமிட்டி சொன்னால் என்ன செய்வது என்று கேட்டான். சுருக்கத்தைக் காட்டினால் கள்ளக் குழாய் என்பது மட்டும்தான் நிரூபணமாகும். யார் கள்ளன் என்பது ஆகாது.

அது சரிதான். டூஃபி கிளினிக் குழாய்களைப் புரட்டினாள். இரண்டின் கன்னத்திலும் ஒரே இடத்தில், நெருக்கமாக, ஏழெட்டுச் சின்னக் குழிகள்.

போவாடு தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “அம்மை போட்ட தழும்பு. ரெட்டைப் பிள்ளைங்களுக்கும் ஒரே மாதிரி போட்டிருக்கு.”

“மீதிப் பத்துக்கும் அப்படித்தான் இருக்கும். தழும்பு பிள்ளைகளோடது இல்லடா. அம்மாவோடது.”

“அப்ப நாம தேட வேண்டியது கன்னத்துல அடிபட்ட ஒரு தாய்.”

“கூடவே அவளை அடிச்சவன்.”

டூஃபிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. உற்சாகம் பிறந்தால் அவளுக்கு நடை வரும். மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே ஒரு மனிதனை உருவாக்கினாள். குழாயின் மூக்கு விரலுக்குள் வளைந்து உட்காரும்படி பிடித்து எதையாவது ஓங்கி அடித்தால், வலது கைக்காரனுக்கு இந்தக் கன்னம் அடிபடும். இங்கே அடிபட்டிருப்பது மறு கன்னம். ஆகவே அவன் இடது கைக்காரன். குழாயைச் சுத்தியல் மாதிரி பயன்படுத்துகிறவன், ஆகவே நல்ல கருவி வாங்க வக்கில்லாத கஞ்சன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறான், ஆகவே பிடிவாதக்காரன். நல்ல சாமானின் அருமை தெரியாத முரட்டு ஜென்மம். அநேகமாகக் குழாய் திருடி விற்கிற ஒரு பிளம்பர்.

“மீசை உண்டா ஆன்ட்டி?” என்று கேட்டான் போவாடு.

“கிண்டல் பண்ணாதே. இந்த ஊர்ல இடது கைக்காரனைக் கண்டுபிடிக்கிறது லேசில்ல. பிறர் முன்னால யாரும் அந்தக் கையை நீட்டமாட்டாங்க. சின்ன வயசுலயே அடி வாங்கி மறைக்கக் கத்துக்கிட்டிருப்பான். வீட்டுக்குள்ள, யாரும் பாக்காதப்ப மட்டும்தான் அந்தக் கை வெளிய வரும்.”

“இவ்வளவு விவரமா எப்படித் தெரியும்?”

“அனுபவம்,” என்றாள் டூஃபி.

*

குழாய் வாங்கியது சங்கத்தின் பொருளாளர் கொனாடு. தையல்காரி. ஒரு அங்குலம் சொன்னால் ஒரு அங்குலம்தான் வெட்டுவாள். டூஃபியைக் கண்டால் அவளுக்குச் சற்றுப் பயம். டூஃபி அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஊரில் சாவுச் சடங்கெல்லாம் சனிக்கிழமைதான் என்பதால் கொனாடு ஒரு சாவு வீட்டில் இருந்தாள். போனை எடுத்தபோது முரசும் ஒலிபெருக்கியும்தான் முதலில் பேசின. குழாயை எங்கே வாங்கினாய் என்று டூஃபி மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. மேகசின் பட்டறைப் பேட்டையில், நீல கன்டெய்னருக்குப் பின்னால் இசாக்காவின் கொட்டகையில் என்று பதில் வந்தது.

“நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன் ஆன்ட்டி. ஒரு மயிரிழை மாறல. ஏன், ஏதாவது கோளாறா?” என்று கேட்கும்போதே முரசு மறுபடி எழுந்து அவளை விழுங்கிவிட்டது.

“பாத்தியா,” என்றாள் டூஃபி. “முத்திரை பாத்து வாங்குன்னு சொன்னேன், அப்படியே வாங்கியிருக்கா. பாவம், ஏமாத்திட்டான் அந்த இசாக்கா.”

அமோவாக்கோவைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, கயிற்றை அவிழ்த்து டாக்சியில் ஏறினார்கள். வழியெல்லாம் போவாடு இடது கைக்காரர்களைத் தேடிக்கொண்டு வந்தான். சிக்னலில் வாட்டர் பாக்கெட் விற்கிற பெண், வலது. போக்குவரத்துப் போலீஸ், எந்தக் கை காலியோ அது. டூஃபி ஒரு வாட்டர் பாக்கெட் வாங்கி, முத்திரை அச்சிட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதன் மூலையைக் கடித்து உறிஞ்சினாள். குழாய்த் தண்ணீரின் காவலாளி எத்தனை நாளாகப் பாக்கெட் தண்ணீர் குடிக்கிறாள் என்று போவாடு கேட்டான். வேலை நேரத்தில் பேச்சு வேண்டாம் என்றாள்.

மேகசின் என்பது ஊருக்குள் ஒரு ஊர். உடைந்த லாரியை நுழைத்தால் மறு பக்கம் பேருந்தாக வெளியே வரும். அங்கே கடை என்று ஒன்று கிடையாது. என்ன வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரியைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அதே போலச் செய்து கொடுப்பார்கள். மாதிரி இல்லாமல் வாயால் சொல்கிறவனை அங்கே யாரும் பெரிய மனிதனாக மதிப்பதில்லை.

டூஃபி மாறுவேடம் போட்டிருந்தாள். அதாவது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். கடலோரத்தில் ஹோட்டல் கட்டுகிற பணக்காரி என்று திட்டம். போவாடு அவளுடைய டிரைவர். கண்ணாடி இல்லாததால் நீல கன்டெய்னரைத் தாண்டிப் போய் ஒரு நீல லாரியின் பின்பக்கத்திடம் வணக்கம் சொன்னாள். போவாடு முழங்கையைப் பிடித்துத் திருப்பி அழைத்து வந்தான்.

இசாக்கா அப்போதுதான் தொழுது முடித்துப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கரி படிந்த கை, வெள்ளைத் தொப்பி. உலைக்குப் பக்கத்தில் கார் ரேடியேட்டர்களும் உடைந்த பூட்டுகளும் ஓட்டைக் குழாய்களும் குவிந்து கிடந்தன. எல்லாம் ஒரே சட்டியில் போய் ஒரே பித்தளையாக வெளியே வருகிறவை. ஈயம் எங்கேயிருந்து வந்தது என்று டூஃபி இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அவள் ஹோட்டல் குரலில் ஐம்பது குழாய் வேண்டும் என்றாள்.

“மாதிரி எங்க?” என்றான் இசாக்கா.

“மாதிரி இல்ல. நல்லதா நீயே—”

“மாதிரி இல்லாம நான் எதை மணல்ல வைக்கிறது? உங்களையா வைக்க முடியும்?”

“வைக்கலாம்,” என்றான் டிரைவர். “ஆறினதும் கொஞ்சம் சுருங்கினா நல்லதுதான்.”

டூஃபி அவன் காலை மிதித்தாள். அந்தத் தேடலில் சரியான இடத்தில் விழுந்த ஒரே அடி அதுதான்.

ஐம்பது குழாய் என்பது சின்ன விஷயமில்லை என்று இசாக்காவுக்கும் தோன்றியிருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானாகவே பேசத் தொடங்கினான். போன மழைக்காலத்தில் சர்ச்சுக்காக ஒரு அம்மாவுக்குப் பன்னிரண்டு வார்த்துக் கொடுத்தானாம். அருமையான வேலை. கடையிலேயே அசல் விற்கிறதே, போய் வாங்கிக்கொள்ளலாமே என்று அவன்தான் சொன்னானாம், அல்லா சாட்சி. கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன், கைப்பிடி வேறு மாதிரி இருக்கிறது, அதைக் கொண்டுபோனால் எங்கள் ஆன்ட்டி என் தோலை உரித்துவிடுவாள் என்று அந்த அம்மா கையைப் பிசைந்தாளாம்.

“எந்த ஆன்ட்டி?” என்றாள் டூஃபி.

“அவங்க தலைவியாம். ஊர்ல எல்லாருக்கும் அவங்கன்னா நடுக்கமாம். ‘இதே மாதிரி, ஒரு மயிரிழை மாறக் கூடாது’ன்னு கட்டளையாம். நான் சொன்னேன், கன்னத்துல குழி விழுந்திருக்கே, அதை வேணா மெழுகு வச்சு அடைச்சிடறேன், வழவழன்னு வரும்னு. வேண்டவே வேண்டாம்னு அழாத குறை. முதல் வார்ப்புல குழி சரியா விழல. உருக்கி மறுபடி வார்த்தேன். குழிக்கு மட்டும் எனக்கு ஒரு நாள் கூலி போச்சு.”

“அந்தத் துளி முத்திரை?”

“சர்ச்சுக்குன்னு சொன்னாங்க. ஞானஸ்நானத் துளின்னு நினைச்சேன். நல்லா இருந்துச்சு.”

போவாடு இப்போது சிரிக்கவில்லை. அவன் டூஃபியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாதிரியைத் திருப்பி வாங்கிக்கொள்ள அந்த அம்மா வரவே இல்லை என்று இசாக்கா சொன்னான். இங்கேதான் இருக்கிறது, பிடித்திருந்தால் அதையே வைத்து ஐம்பது வார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே கொட்டகைக்குள் போய், ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்தான். சர்ச் மாதர் சங்கத்தின் நீலப் பூத்துணி. பிரித்தான்.

கண்ணாடி இல்லாமலேயே டூஃபிக்குத் தெரிந்தது. பூப்போட்ட கைப்பிடி. நீர்த்துளி. கன்னத்தில் குழிகள், குழிகளுக்குள் பனையெண்ணெயின் பழைய சிவப்பு. அடியில் இரண்டு திருகாணித் துளை. அவள் கையை நீட்டினாள்.

இசாக்கா சட்டென்று பின்னால் நகர்ந்து குழாயை மார்போடு அணைத்துக்கொண்டான். அவன் முகம் கறுத்துவிட்டது.

“ஹஜியா அம்மா, உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? மரியாதையாத்தானே பேசிட்டிருக்கேன்.”

டூஃபி குனிந்து பார்த்தாள். நீட்டியிருந்தது இடது கை.

அவசரமாக அதை இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினாள். கட்டுப் போட்ட கட்டைவிரல் முன்னால் வந்து நின்றது.

போவாடு மெதுவாகத் தொண்டையைச் செருமினான். செய்தி வாசிக்கிறவனின் குரலில், ஆனால் வேறு யாருக்கும் கேட்காமல், அவள் காதருகே சொன்னான்:

“இடது கைக்காரன். கஞ்சன். பிடிவாதக்காரன். நல்ல சாமானோட அருமை தெரியாத முரட்டு ஜென்மம். மீசை மட்டும்தான் இல்ல ஆன்ட்டி. எனக்குக் காலையிலேயே லேசா உதைச்சது. கொட்டையைப் பிடிச்ச விரல் வலதுன்னா, கல்லைப் பிடிச்ச கை எதுன்னு. சம்பளம் நிலுவையில இருக்கேன்னு வாயைத் திறக்கல.”

டூஃபிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஊறின தண்ணீரில் ஈயம் இறங்குகிற மாதிரி, நிதானமாக, தப்பிக்க இடமில்லாமல். சர்ச்சில் பாட்டுப் பயிற்சி முடிந்து வெளியே வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவசரம். கொனாடு எந்தக் குழாய் வாங்குவது என்று கேட்டாள். ‘முத்திரை பார்’ என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் டூஃபிக்குப் பேச்சுச் சுருக்கமாக வராது. கொட்டை உடைக்கிற சாமானைத் துணியில் சுற்றிக் கொடுத்து, இதுதான் இந்த நாட்டிலேயே முதல் முதலாகத் தேறிய குழாய், என் கையால் தேறியது, இதே மாதிரி வேண்டும், ஒரு மயிரிழை மாறினாலும் கிளினிக் வாசலில் வைத்தே திருப்பி அனுப்புவேன் என்று ஒரு பிரசங்கம் செய்தாள். பக்கத்தில் நின்ற பெண்கள் ஆமென் சொன்னார்கள். அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அசல் குழாய் கடையில் இருந்தது. கொனாடு அதைக் கையில் எடுத்துப் பார்த்து, பயந்து, திருப்பி வைத்திருக்கிறாள். டூஃபியின் பயிற்சி அப்படி.

அப்புறம் பன்னிரண்டு குழாய் வந்தது. ஒவ்வொன்றையும் டூஃபியே கையில் வாங்கிப் பார்த்தாள். பார்த்துப் பரவசப்பட்டாள். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று தோன்றியது; நல்ல தரமென்றால் அப்படித்தான் தோன்றும் என்று முடிவு கட்டினாள். ஊறவைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. முதல் டம்ளரைக் குடித்துவிட்டு, தேன் மாதிரி இருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னாள்.

இசாக்கா இன்னும் குழாயை அணைத்துக்கொண்டுதான் நின்றான். அவள் மன்னிப்புக் கேட்டாள். வலது கையை நீட்டி, இடது கையை முழங்கைக்கு அடியில் தாங்கி, முறைப்படி வாங்கிக்கொண்டாள். ஹோட்டல் எதுவும் இல்லை, நான்தான் அந்த ஆன்ட்டி என்றாள். இசாக்கா அவளை மேலும் கீழும் பார்த்தான். நடுங்கலாமா என்று யோசித்தவன், வேண்டாம் என்று முடிவு செய்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

அவன் உருக்குகிற கலவையில் பூட்டு வார்க்கலாம், கதவுப் பிடி வார்க்கலாம், குடிக்கிற தண்ணீர் போகிற எதையும் வார்க்கக் கூடாது என்று அவள் சொன்னாள். ஏன் என்பதைச் சொன்னபோது அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். தன் மனைவிக்கும் அந்தக் கிளினிக்கில்தான் பிரசவம் பார்த்தது என்றான்.

கையிலிருந்த குழாய் கனத்தது. உலை பக்கத்திலேயே எரிந்தது. ஒரு கைவீச்சுத் தூரம். உருகிப் போனால் பூட்டுகளோடு பூட்டாகிவிடும். திங்கட்கிழமை கமிட்டியில் சுருக்கத்தை மட்டும் காட்டலாம். மாதிரி கிடைக்கவில்லை என்று சொல்லலாம். இடது கைப் பிளம்பர் ஒருவன் எங்கேயோ ஓடிப்போய்விட்டான் என்று சொல்லலாம். அமோவாக்கோவின் முத்திரை பிழைக்கலாம், போகவும் செய்யலாம். டூஃபியின் பெயர் மட்டும் நிச்சயமாகப் பிழைக்கும்.

அவள் உலையைப் பார்ப்பதைப் போவாடு பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அவன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“என்னடா பாக்கற? போனை எடு. ஃபெலிசியாவுக்குப் போடு.”

மருத்துவச்சியிடம் அவள் அதிகம் பேசவில்லை. பன்னிரண்டு குழாயையும் இந்த நிமிஷமே மூடிக் கைப்பிடியைத் துணியால் கட்டச் சொன்னாள். கர்ப்பிணிகளுக்கு வாட்டர் பாக்கெட் மூட்டை வந்துகொண்டிருக்கிறது, காசு என் கணக்கு என்றாள். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கெல்லாம் ரத்தச் சோதனைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னாள். யார் சொன்னதாகச் சொல்லட்டும் என்று ஃபெலிசியா கேட்டதற்கு, சங்கத் தலைவி என்று சொல் என்றாள். சோதனையில் முதல் பெயராகத் தன் பெயரையே எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

அடுத்தது அமோவாக்கோ.

போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே வந்து நின்றாள். யாரோ ஒரு லாரியின் முகத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். போவாடு கூடவே வந்து, டாக்சிக் கதவின் கயிற்றை வேண்டுமென்றே மெதுவாக அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“ஆன்ட்டி, சொல்லுங்க,” என்றான் அமோவாக்கோ. ஒரே மணியில் எடுத்துவிட்டான்.

“உன் நெட்டைக் கைப்பிடிக் குழாய் பன்னிரண்டு எடுத்துட்டு இன்னிக்கே கிளினிக்குக்குப் போ. மாட்டிடு. பணம் நான் தரேன்.”

“அது கிடக்கட்டும். அம்மா கிடைச்சாளா?”

“கிடைச்சுட்டா. தழும்போட என் கையில இருக்கா.”

மறுமுனையில் பெரிய மூச்சு ஒன்று வெளியே போனது. கூடவே பட்டறையில் யார் யாரோ கேட்பதும் அவன் அவர்களுக்குத் தலையாட்டுவதும் இங்கேயே தெரிந்தது. பிறகு அவன் குரல் இறங்கியது.

“அப்ப, வார்க்க வச்ச ஆளு?”

“திங்கட்கிழமை கமிட்டிக்கு வரும். தானா வந்து நிக்கும். உன் பட்டறைக்கு ஒண்ணும் ஆகாது அமோவாக்கோ. நீ முன் வரிசையில உக்காரு.”

“பேரு?”

“திங்கட்கிழமை சொல்றேன்.”

லாரியைத் தட்டுகிற சத்தம் இரண்டு பக்கமும் கேட்டிருக்க வேண்டும். அவன் குழாயை மூன்று தடவை திருப்பி அனுப்பியவள் அவள். அவளுடைய குரலில் எப்போது ஓட்டை விழுகிறது என்பது அவனுக்குத் தெரியாமல் போகுமா?

“சரி ஆன்ட்டி,” என்றான், ரொம்ப மரியாதையாக. “அந்த டம்ளரை நான் கொண்டு வரணுமா, இல்ல உங்க வீட்டுலருந்தே எடுத்துட்டு வந்துடறீங்களா?”